இருபது நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது

முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஒரு வாடை உண்டு என்பது, அதை மூக்குக்குக் கீழே பூசிக்கொண்டு உட்காரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஈரச் சாக்கும் பழைய இரும்பும் சேர்ந்த வாடை. அதோடு மூன்று நாள் புளித்த தயிர். அதோடு கடலை மாவு, எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பச்சைப் பூண்டு. அறுபத்தாறு வயதில் இது எனக்குத் தேவையா என்று மாசிலாமணி கேட்டுக்கொண்டார். மனசுக்குள்தான், வாயைத் திறக்கக் கூடாது. உறையூரில் இரண்டாவது மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வெயில், பால்கனியில் ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு. தாடையிலிருந்து ஒரு சொட்டுக் கூழ் துண்டை ஏமாற்றிவிட்டுப் பனியனுக்குள் நுழைந்து, நெஞ்சு முடியில் வழி கேட்டுக் கேட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நத்தை போனால் இப்படித்தான் இருக்கும். நத்தை போனால்கூடப் பூண்டு நாறாது. "அசையாதீங்க, தோசை வார்க்கற மாதிரி ஓரம் வரைக்கும் இழுத்து விட்டிருக்கேன், அசைஞ்சா வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி பங்கஜம் உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதல் பரீட்சை அவர்மேல்தான். புதுக் காப்பித்தூள், பொடுகு எண்ணெய், கொசுவுக்குத் தடவுகிற களிம்பு, கீழ்வீட்டு மெர்சி டீச்சர் கொடுத்த மூட்டுவலிக் கஷாயம், எல்லாவற்றையும் அவர் குடித்து, அவர் பூசி, அரைமணி நேரம் அவர் உயிரோடு உட்கார்ந்திருந்தால் பிறகு மற்றவர்களுக்கு. "உங்களுக்கென்ன, எருமைத் தோலு" என்பாள் பங்கஜம், ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரி. கைப்பிடிச் சுவர்மேல் மகளின் செல்போன் சாய்த்து வைத்திருந்தது. அதில் இருபது நிமிஷம் பின்னாலிருந்து முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு நாற்பது. பதினெட்டு முப்பத்தொன்பது. அச்சாபீசில் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இப்படித்தான் எல்லாம் தலைகீழாக ஓடும், அதைக் கண்ணாடி இல்லாமல் படிக்கத் தெரிந்தவர் மாசிலாமணி. நாற்காலி ஆடியது. ஆடக் கூடாது. ஆடுகிற காலுக்கு அடியில் எதையாவது மடித்து வைத்திருக்கலாம், ஒரு காகிதத்தை. வேண்டாம், அந்த யோசனை வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே.

எல்லாம் மகளுக்காகத்தான். வான்மதிக்கு இருபத்தேழு வயது. ஜவுளிக்கடையில் மைக் பிடித்து, "முதல் தளத்தில் பட்டுச் சேலைகள்" என்று நாள் முழுக்க அறிவிக்கிற வேலை. குரலைக் கேட்டுப் பட்டு வாங்க வராதவர்களும் முதல் தளத்துக்கு ஏறிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை உள்ளூர் சேனல் ஒன்றில் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். போன வருஷமும் போனாள். குரலைக் கேட்டு நிமிர்ந்தவர்கள் கேமராவில் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டு, "முகம் கொஞ்சம் டல்லா இருக்கும்மா, ஸ்கின்னைக் கவனிச்சுக்கிட்டு அடுத்த தடவை வா" என்றார்களாம். அன்றைக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்தவள் மறுநாள் மத்தியானம்வரை எடுக்கவில்லை. இந்தத் தடவையோடு வயது வரம்பும் முடிகிறது. பார்லரில் கேட்டால் மூன்று தடவை வரவேண்டும் என்றார்கள், ஒரு தடவைக்குச் சொன்னதில் இந்த வீட்டின் ஒரு மாத மளிகை வந்துவிடும். ஆகவே வீட்டிலேயே அழகு, குறைந்த செலவில் அழகு. ஒரு வாரமாக எதைத் திறந்தாலும் அழகு. ஃபிரிட்ஜைத் திறந்தால் டம்ளரில் அரிசி கழுவின தண்ணீர் நுரைகட்டி நின்றது, மோர் என்று எண்ணி ஒரு மடக்குக் குடித்துவிட்டார். மூன்று நாள் ஊறியது, தலைக்குத் தடவ வைத்திருந்தது. குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே கண்ணில் வைத்து எடுத்த உருளைக்கிழங்கு வட்டங்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன, நகம் மாதிரி. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்பு பாக்கெட், முல்தானி மட்டிப் பாக்கெட், எல்லாவற்றின் கிழிந்த மூலையும் அவர் காலில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தன. தக்காளியை வெட்டிச் சர்க்கரை தொட்டு மகள் முகத்தில் தேய்த்த பங்கஜம், மிச்சத்தை அப்படியே ரசத்தில் போட்டாள். அவர் பார்த்துவிட்டார். "என்ன பாக்கறீங்க? நீங்க பெத்த பொண்ணு முகந்தானே, விஷமா?" என்றாள். அன்று ரசம் இனித்தது. அந்த இனிப்பு இப்போதும் தொண்டையில் வருகிறது, விழுங்கினால் தாடை அசையும், தாடை அசைந்தால் வெடிக்கும்.

நேற்றுச் சாயங்காலம்தான் பூண்டு வந்தது. போனில் ஒரு பெண், கண்ணுக்குள் இரண்டு வெள்ளை வளையமாக விளக்கு தெரிய, "நம்ம பாட்டி காலத்து ரகசியம் பிரெண்ட்ஸ்" என்று ஆரம்பித்தாள். கடலை மாவு இரண்டு கரண்டி, புளித்த தயிர், வெள்ளைக்கரு, எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு நாலு பல், பூசி இளவெயிலில் இருபது நிமிஷம், பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. சமையற்கட்டிலிருந்து பங்கஜம் ஓடி வந்தாள். "அடியே, இது லோசனி அக்கா குறிப்புடீ! எங்கிட்ட இருக்குடீ!" என்று பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்தாள். சாம்பார்க் கறை படிந்த நோட்டு, வாராவாரம் 'வளைக்கரம்' பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய 'கண்ணாடி முன்னே' பகுதி, எழுதியவர் சகோதரி பத்மலோசனி. ஒரு சொல் மாறவில்லை. பங்கஜம் தன் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். அங்கே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு உண்டு. "இத்தனை வருஷமா சந்தேகமாவே இருந்துச்சு. ஊரே போடுதுன்னா குறிப்புல தப்பில்ல. நான்தான் அன்னைக்கு நேரம் பாக்காம கண்ணசந்துட்டேன்" என்றாள். கையில் பாதி மெதுவடையோடு உட்கார்ந்திருந்த மாசிலாமணிக்கு வடை அப்படியே வாயில் பஞ்சாகிவிட்டது. பாட்டி காலத்து ரகசியம். எந்தப் பாட்டி? அந்தப் பாட்டி அவர்தான்.

சிரிக்கக் கூடாது. சிரிப்பு வருகிற இடமும் இல்லை, ஆனால் வயிற்றில் ஏதோ ஒன்று குலுங்குகிறது, அருவருப்பும் சிரிப்பும் ஒரே பையில் கிடக்கும்போலிருக்கிறது. 'வளைக்கரம்' வாரப் பத்திரிகையில் அந்த நாளில் அவர் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். அழகுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு வாரம் மகப்பேற்றுக்குப் போனவள் திரும்பவே இல்லை. பக்கம் காலி. ஆசிரியர், "மாசிலாமணி, வாயைத் திறந்தா கதைதானே வருது உமக்கு, இதையும் நீரே அளந்துவிடும், பொம்பளைப் பேரா ஒண்ணு வச்சுக்கும்" என்றார். வெளியே சொல்லக்கூடாது, ஓர் ஆண் எழுதுகிறான் என்று தெரிந்தால் பத்திரிகை படுத்துவிடும். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். கதை அளப்பதில் அவருக்கு நிகர் அவரேதான். காவிரி வெள்ளத்தில் முதலை ஒன்று அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு போய், அளவு சேராமல் மூன்றாம் நாள் படித்துறையில் கொண்டுவந்து ஜோடியாக வைத்துவிட்டுப் போனதை அவர் சொல்லிக் கேட்டவர்கள் இன்றைக்கும் உறையூரில் இருக்கிறார்கள். அழகு எம்மாத்திரம்? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பார், அதில் எது இருக்கிறதோ அதுதான் அந்த வாரத்து அழகு. வெள்ளரிப் பச்சடி இருந்தால் கண்ணுக்குக் கீழே வெள்ளரி. தயிர்சாதம் இருந்தால் தலைக்குத் தயிர். பீட்ரூட் பொரியல் இருந்த வாரம் தமிழ்நாட்டில் பாதி உதடு சிவந்திருக்கும். பங்கஜம் காலையில் சமைத்துக் கட்டிக்கொடுத்தது மத்தியானம் குறிப்பாகி, அடுத்த வாரம் அவர் கொண்டுபோகும் இலவசப் பிரதியில் வீட்டுக்குத் திரும்பிவந்து, அவள் முகத்திலேயே ஏறிவிடும். "லோசனி அக்கா ஆபீசுக்கு வருவாங்களா? எப்படி இருப்பாங்க?" என்று கேட்பாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை. நல்ல உயரம், இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, வெளிர்பச்சைக் காரில் வருவாள், வந்துவிட்டுப் போனால் அச்சு மையின் நாற்றம் ஒரு மணி நேரம் அடங்கியிருக்கும். "ரொம்பத்தான் பாத்து வச்சிருக்கீங்க" என்று பங்கஜம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அடுத்த வாரக் குறிப்பை மட்டும் விடமாட்டாள். அந்த 'பேசக்கூடாது' இருக்கிறதே, அது முழுக்க அவருடைய சுயநலம். வீட்டுக்கு எடுத்துவரும் புரூஃபை நிம்மதியாகப் படிக்க முடியாது, அவள் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் எழுதிவிட்டார்: "பூச்சு காயும் இருபது நிமிடமும் பேசக்கூடாது. பேசினால் சுருக்கம் நிரந்தரமாகிவிடும்." அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் இருபது நிமிஷம் அமைதி. எதிரில் வெள்ளையாய், ஊமையாய் அவள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பிழை தேடிக்கொண்டிருந்தார். இப்போது அவர் போட்ட வாய்ப்பூட்டு அவருக்கே. பதினான்கு பத்து.

ஈ ஒன்று வந்தது. வலது கன்னத்தில் இறங்கி, காலைத் தேய்த்துக்கொண்டு, தயிர் உறைந்த விளிம்பில் நடந்து மூக்குத் துவாரத்தை எட்டிப் பார்த்தது. கையை வீசினார், நாற்காலி ஆடியது. கீழே துணி காயப்போட வந்த மெர்சி டீச்சர் அண்ணாந்து பார்த்து, "ஐயோ சாமி, நான் திருஷ்டிப் பொம்மைன்னுல்ல நெனச்சேன்! என்ன சார், கட்டடத்துக்கா, குடும்பத்துக்கா?" என்றாள். அவர் கையை மட்டும் ஆட்டினார். "பேசமாட்டீங்களா? நீங்களா? பங்கஜம் அக்கா, எனக்கும் அந்த மருந்து ரெண்டு கரண்டி வேணும், எங்க வீட்டுக்காரருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். போகட்டும். இடது கண்ணுக்குக் கீழே ஒரு இடம் சூடாகியிருந்தது. வெயில் என்று நினைத்தார். வெயில் வலது பக்கமிருந்து வருகிறது. சூடு ஒரு குண்டூசிமுனை அளவில் இருந்து ஒரு கடுகு அளவாயிற்று, கடுகு வெடித்தது, இப்போது மிளகாய்ப்பழத்தைக் கிள்ளி ஒட்டியதுபோல் இருக்கிறது. எருமைத் தோலுக்கே இப்படி. வான்மதிக்குப் பூனைத்தோல், புதுத் தோடு போட்டால்கூடக் காது புண்ணாகும். முகத்தில் இதைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் செவ்வாய்க்கிழமை அவள் முகத்தில் என்ன இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார். அப்போதும் அவர்தான் பூசியது, கையால் இல்லை, பேனாவால்.

நாற்காலி ஆடுகிறது. காகிதம், மடித்த காகிதம், நீலக் காகிதம். இதற்குத்தான் அந்தப் பக்கம் போகாதே என்றேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார், போயாயிற்று. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வான்மதி பிறக்கவில்லை, வாசகர் கடிதங்களில் ஒரு நீல உள்நாட்டுக் கடிதம். பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து, 'ழ'வுக்கு வால் நீட்டி எழுதுகிற கை. "அன்புள்ள பத்மலோசனி அக்காவுக்கு, எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. என் கணவர் நல்லவர். ஆனால் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. முகம் பொலிவு பெற ஏதாவது சொல்லுங்கள். இப்படிக்கு, உறையூர் வாசகி." கணவனிடமே கொடுத்தனுப்ப வேண்டிய கடிதத்தை, அவனுக்குத் தெரியாமல் தபால்பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டிருக்கிறாள். படித்தபோது அவருக்குக் காது சூடாயிற்று. எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் வாசலில் நின்று, "சார், கண்ணாடி முன்னேயில நாலு வரி எடம் நிக்குது, பக்கம் கட்டணும்" என்றான். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. ஒரு மூலையில் பங்கஜம் போட்ட பூண்டு ஊறுகாய். எழுதினார்: "உறையூர் வாசகிக்கு: கடலை மாவு இரண்டு கரண்டி..." பூண்டை ஊறுகாயிலிருந்து எடுத்து அவள் முகத்தில் வைத்தார். நாலு வரிக்கு நாலு பல். சரியாக அடங்கியது. அப்புறம் ஊறுகாயைச் சாதத்தோடு பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டார்! அதுதான் இப்போது குமட்டுகிறது, விரலை நக்கியதுகூட ஞாபகம் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள், ஊமையாக. எரிந்திருக்கும். இருபது நிமிஷமும் எரிந்திருக்கும். பேசக்கூடாது என்று எழுதியிருக்கிறதே. எரிந்தால் பூச்சு வேலை செய்கிறது என்றும் எழுதியிருக்கிறதே, அது போன மாசத்து எலுமிச்சைக் குறிப்பு. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்படியே அசந்துபோனாள், அவர் புரூஃப் படித்தார், அது ராசிபலன், மீனத்துக்கு நல்ல வாரம். கழுவும்போது தோல் கையோடு வந்தது. பத்து நாள் கழித்து இரண்டாவது நீலக் கடிதம். "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். இடது கன்னத்தில் தோல் உரிந்துவிட்டது. நான் கண்ணயர்ந்துவிட்டதால் இருக்குமோ? என் தவறு என்ன என்று எழுதவும். இப்போது என் கணவர் என் முகத்தைப் பார்க்கிறார்." பதில் போடவில்லை. திருத்தம் போட்டிருக்கலாம், எத்தனை திருத்தம் போட்டிருக்கிறார், 'பசுவின் பால்' 'பசுவின் பல்' ஆனதற்கெல்லாம் வருந்தியிருக்கிறார். திருத்தம் போட்டால் யார் எழுதியது என்று ஆசிரியர் கேட்பார், ஊரில் எத்தனை முகம் வெந்ததோ என்று கேட்பார். மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. கடிதத்தை எட்டாக மடித்து அதற்கு அடியில் வைத்தார். ஒன்பது வருஷம், பத்திரிகை மூடுகிறவரை, மேசை ஆடவில்லை.

உள்ளே சின்னக் கல்லுரலில் டக் டக் என்று சத்தம். பூண்டு. இரண்டாவது கிண்ணம். இருபது நிமிஷம் முடிந்து, அவர் முகத்தைக் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மகளுக்கு என்றல்லவா பேச்சு? இன்னும் ஒன்பது ஐம்பது இருக்கிறதே? வான்மதி துண்டால் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு பால்கனிக்கு வந்தாள். அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலம்மா, கல்லு மாதிரி இருக்காரு. பத்தரைக்குக் கடைக்குப் போகணும், நானும் இப்பவே போட்டுக்கறேன்" என்றாள். வெள்ளைக்கரு நூலாய்த் தொங்க, இரண்டு விரலால் அள்ளினாள். விரல் கன்னத்தை நோக்கி எழுந்தது. நல்ல கன்னம். இடது கன்னம். "நில்லு பாப்பா!" என்று கத்திவிட்டார் மாசிலாமணி.

மேலுதட்டின்மேல் இருந்த பாளம் இரண்டாய்ப் பிளந்து, ஒரு துண்டு நாக்கில் விழுந்தது. பூண்டு, முட்டை, எதையோ துடைத்த துணியைச் சப்பியதுபோல ஒரு ருசி. துப்பினால் மகள்மேல் விழும். விழுங்கினார். "பூசாதே. எரியுது." கரண்டியோடு பங்கஜம் வந்தாள். "வாயைத் திறந்தாச்சா? பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களே! எரிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம், நோட்டுல இருக்கு, படிச்சுக் காட்டவா?" வான்மதி சிரித்தாள். "ஊசி போடப் போய் ஆஸ்பத்திரியையே கூட்டினவர்தானேம்மா. சும்மா இருங்கப்பா." எல்லா வாசலையும் அடைத்துவைத்தவன் எவன்? அவனேதான் உள்ளே நிற்கிறான். "அந்தக் குறிப்பு நான் எழுதினது" என்றார். "எது?" "அந்த நோட்டுல இருக்கறது எல்லாமே. பத்மலோசனின்னு யாரும் கிடையாது. நான்தான். டிபன் பாக்ஸைப் பார்த்து எழுதினேன்." குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. அடுத்த கணம் வான்மதி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, கேட்டியா? லோசனி அக்கா நம்ம வீட்டுலதான் இருக்காங்களாம்! அக்கா, ரெண்டு வைர மூக்குத்தியும் எங்கக்கா? அடகா?" பங்கஜமும் சிரித்தாள், கண்ணீரைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "முதலை செருப்பைத் திருப்பிக் கொடுத்தப்பவே நான் உஷாராயிருக்கணும். காரு என்னாச்சுங்க, பச்சைக் காரு?" அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக எடுத்த உண்மை, செல்லாத காசுமாதிரி சிரிப்போடு திரும்பி வந்துவிட்டது. வான்மதி மறுபடி கிண்ணத்தில் விரலை விட்டாள்.

அப்போது அவர் வாயில் பழைய தொழில் வந்து உட்கார்ந்தது. "திருத்தம் போட்டாங்க" என்றார். குரல் மாறியிருந்தது, அது மாசிலாமணியின் குரல் இல்லை, வாராவாரம் எழுதின குரல், கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் பாசம். வான்மதியின் விரல் நின்றது. "எதுக்கு?" என்றாள் பங்கஜம். "பூண்டுக் குறிப்புக்கு. மூணு வாரம் கழிச்சு. கடைசிப் பக்கத்துல, ராசிபலனுக்குக் கீழே, பொடி எழுத்துல. நான்தான் புரூஃப் பார்த்தேன்." பங்கஜம் கரண்டியைச் சுவர்மேல் வைத்தாள். "திருத்தமா? நான் பாக்கலியே. கடைசிப் பக்கமா? ஐயோ, நான் கண்ணாடி முன்னேயை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தைப் பழைய பேப்பர்ல போட்டுருவேனே!" தன் கன்னத்தைத் தொட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம், சந்தோஷம் மாதிரி இருந்தது. "பதில் போட்டிருக்காங்க. நான்தான் கவனிக்கல. பாவம், அவங்களை எத்தனை தடவை மனசுக்குள்ள வைதிருப்பேன்!" உள்ளே ஓடி நோட்டையும் பேனாவையும் எடுத்துவந்து, அந்தப் பழைய வெட்டுத்துண்டுக்குக் கீழே விட்டிருந்த காலி இடத்தைத் தேடிப்பிடித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. உங்களுக்குத்தான் ஒரு எழுத்து மறக்காதே. எப்படிப் போட்டிருந்துச்சோ அப்படியே சொல்லுங்க."

அப்படியே. இல்லாததை அப்படியே. ஜெயித்தாயிற்று, மகளின் விரல் கிண்ணத்திலிருந்து வெளியே வந்துவிட்டது, இதோடு நிறுத்தியிருக்கலாம், 'பூண்டு சேர்க்கக் கூடாது' என்று மூன்று வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் கழுத்தைச் சாய்த்துப் பேனாவோடு காத்திருந்த விதம் இருக்கிறதே, முப்பத்தொரு வருஷம் காத்த பதில் இப்போதுதான் வருகிறது என்பதுபோல. வாயில் இன்னும் அந்த ருசி. கண்ணை மூடிக்கொண்டார். கம்பாசிட்டருக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திருத்தம். அடுத்த வரி. உறையூர் வாசகிக்கு. பூண்டு சேர்க்கச் சொன்னது எங்கள் பிழை. நீங்கள் கண்ணயர்ந்தது காரணம் அல்ல. உங்கள் தவறு எதுவும் இல்லை. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு வெட்கப்படுகிறோம். முற்றுப்புள்ளி." வருந்துகிறோம் என்றுதான் திருத்தங்களில் போடுவது வழக்கம். வெட்கப்படுகிறோம் என்று யாரும் போடுவதில்லை. பேனா சத்தம் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. எங்கே நின்றது என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, அத்தனை வருஷம் பிழை தேடிய கண். நோட்டிலேயே 'உறையூர் வாசகி' என்ற பெயர் இருக்கிறதே, அச்சில் வந்ததுதானே என்று ஒரு கணம் ஒட்டிக்கொள்ளப் பார்த்தார். இல்லை. பெயர் அச்சில் வந்தது. பதில் கேட்டு ஒரு கடிதம் போனது அச்சில் வரவில்லை.

"கடிதம்" என்று வாசித்தாள் பங்கஜம், தன் கையெழுத்தையே. "எந்தக் கடிதம்?" பேனாவை நோட்டுக்குள் வைத்தாள். "நான் ரெண்டாவதா எழுதினதை யார்கிட்டயும் சொன்னதில்ல. முதல்ல எழுதினதையும் சொன்னதில்ல. உறையூர் வாசகி நான்தான்னு இந்த வீட்டுல ஒரு ஆளுக்கும் தெரியாது." வான்மதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா?" "நீ போய்ப் பயத்தமாவு போட்டு முகத்தைக் கழுவு." "நான் இன்னும் பூசவே இல்லியேம்மா." "கையைக் கழுவு அப்ப. உள்ள போ. கிண்ணத்தை வச்சுட்டுப் போ." அவள் போனாள். பங்கஜம் நோட்டை மூடினாள். மாசிலாமணி கண்ணைத் திறந்தார். "டிபன் பாக்ஸைப் பாத்தா எழுதினீங்க?" என்று கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள். தலையை ஆட்டினார், தாடையிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்தது. "அன்னைக்கு என்ன கட்டிக் கொடுத்திருந்தேன்?" "பூண்டு ஊறுகாய்." "ம்" என்றாள். "லெட்டர்ல கடைசி வரி படிச்சீங்களா?" அவர் அதற்கும் தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார், "பங்கஜம், நான்..." என்றார்.

அவள் கிண்ணத்தை எடுத்தாள். உதட்டைச் சுற்றி வெடித்திருந்த இடத்தில் முதலில் பூசினாள், பிறகு நெற்றியில், பிறகு இடது கண்ணுக்குக் கீழே மிளகாய் எரிகிற இடத்தில், அவசரமே இல்லாமல், ஓரம்வரை இழுத்துவிட்டு, நசுங்காத பூண்டுத் துண்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி. மகளுக்கென்று பிசைந்தது முழுவதும் தீரும்வரை பூசினாள். ஈரத் தயிர் மறுபடி கழுத்தில் இறங்கியது, நத்தை மறுபடி புறப்பட்டது. செல்போனில் இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. அவள் அதை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அழித்துவிட்டு, மறுபடி இருபது வைத்தாள். அப்புறம் முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள், முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில், வெயில் இடது கன்னத்தில் விழும்படி. தலையைத் திருப்பினால் வெடிக்கும். பார்க்கிறதற்கு அந்த முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஈ திரும்பி வந்து அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது. கையைத் தூக்கப் போனார்.

"பேசக்கூடாது" என்றாள் பங்கஜம். "அசையவும் கூடாது."